ஒரு வேலை விண்ணப்பமும் கடலுக்குள் நின்ற மின்நிலையமும்

என்னுடைய முதல் விண்ணப்பக் கடிதத்தை இப்போது எடுத்துப் படித்தால் எனக்கே கூச்சமாக இருக்கிறது. "சிறு வயதிலிருந்தே இயற்கையின் மீது தீராத காதல் கொண்டவள் நான்" என்று ஆரம்பித்திருந்தேன். அப்புறம் உருகும் பனிப்பாறைகள், தவிக்கும் கரடிகள், வருங்காலத் தலைமுறை என்று முக்கால் பக்கம். அந்த அமைப்பு செய்கிற வேலையைப் பற்றி ஒரே ஒரு வாக்கியம்தான் இருந்தது. அதுவும் அவர்கள் தங்களைப் பற்றி எழுதியிருந்ததையே கொஞ்சம் திருப்பிப் போட்டது. பத்தாவது நாள் "வருந்துகிறோம்" என்று மெயில் வந்தது. நியாயம்தான்.

நான் காலநிலை அறிவியல் படித்தவள் இல்லை. ஆறு வருடம் ஒரு சரக்குப் போக்குவரத்து நிறுவனத்தில் இருந்தேன். எந்த லாரி எத்தனை கிலோமீட்டர் ஓடியது, எவ்வளவு டீசல் குடித்தது என்று கணக்குப் பார்க்கிற வேலை. எக்செல், தரவுத்தளத்தில் தேட எஸ்கியூஎல், தட்டுத்தடுமாறிப் பைதான் நிரல். ஒரு வருடம் பெரிய வாடிக்கையாளர் ஒருவர் "எங்கள் சரக்கால் எவ்வளவு கார்பன் உமிழ்வு?" என்று கேட்க, அந்த வேலை என் தலையில் விழுந்தது. ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 2.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியாகும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். டீசலின் எடையே லிட்டருக்கு ஒரு கிலோ வராதே, 2.7 எப்படி வரும் என்று அரை நாள் குழம்பினேன். காற்றிலிருக்கும் ஆக்சிஜனும் சேருகிறது என்று புரிந்தபோது ஏற்பட்ட சந்தோஷம்தான் என்னை இந்தப் பக்கம் இழுத்தது. கரடி எல்லாம் பிறகு நானாகச் சேர்த்துக்கொண்டது.

கல்லூரியில் எனக்கு இரண்டு வருடம் சீனியரான ஓர் அக்கா, கணினியில் ஓடும் காலநிலை மாதிரிகளோடு மல்லுக்கட்டுகிறவர். நிராகரிக்கப்பட்ட கடிதத்தை அவருக்கு அனுப்பினேன். படித்துவிட்டுப் போன் பண்ணினார்.

"நீ பூமியைக் காப்பாத்துறது இருக்கட்டும். அவங்களுக்கு ஒரு எக்செல் ஷீட்டைக் காப்பாத்துற ஆள் வேணும். அது உன்னால முடியும்னு இதுல எங்க எழுதியிருக்க?"

எழுதவில்லை. லாரிக் கணக்கு என் ரெஸ்யூமேயில் ஒற்றை வரியாக ஒடுங்கிக் கிடந்தது, அதுவும் கடைசிப் பக்கத்தில்.

இரண்டாவது முறை விண்ணப்பிப்பதற்கு முன், இந்தத் துறையில் யார் என்ன செய்கிறார்கள் என்று உட்கார்ந்து பார்த்தேன். "காலநிலைத் தரவு" என்ற ஒரே பெயருக்குள் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத வேலைகள் இருக்கின்றன. பெர்க்லி எர்த் வெப்பமானிப் பதிவுகளைத் தொகுத்துப் பூமியின் வெப்பநிலையைக் கணிக்கிறது. எம்பர் மின் உற்பத்திப் புள்ளிவிவரங்களைச் சேகரிக்கிறது. குளோபல் எனர்ஜி மானிட்டர் உலகத்து நிலக்கரி நிலையங்களை அலகு அலகாக (ஒரு நிலையத்துக்குள் தனித்தனியே ஓடும் உற்பத்தி இயந்திரம் ஒவ்வொன்றும் ஓர் அலகு) பட்டியல் போடுகிறது. கிளைமேட் டிரேஸ் செயற்கைக்கோள் தகவலையும் கணினிக் கணிப்பையும் வைத்து ஒவ்வொரு ஆலையின் உமிழ்வையும் மதிப்பிடுகிறது. ஓப்பன்ஏக்யூ காற்றுத் தர அளவீடுகளை ஒரே இடத்தில் திரட்டுகிறது. எல்லா இடத்திலும் "ஆய்வாளர்" என்றுதான் விளம்பரம் வரும். ஆனால் ஓர் இடத்தில் நாள் முழுக்க நிரல் எழுத வேண்டியிருக்கும், இன்னோர் இடத்தில் அரசு அனுமதிக் கடிதங்களையும் நிறுவன ஆண்டறிக்கைகளையும் படித்துக் கட்டங்களை நிரப்ப வேண்டியிருக்கும். விளம்பரத்தில் வினைச்சொற்களை மட்டும் அடிக்கோடிட்டுப் பாருங்கள். "சரிபார்த்தல், ஆவணப்படுத்துதல், தொகுத்தல்" என்று வந்தால் இரண்டாவது வகை. அந்த வகைக்கு முனைவர் பட்டத்தைவிடப் பொறுமையும், ஆங்கிலம் தவிர இன்னொரு மொழியில் செய்தித்தாள் படிக்கத் தெரிவதும் அதிகம் உதவும். ரெஸ்யூமேயில் தாய்மொழியைக் கடைசியில் ஒப்புக்குப் போடுகிற பழக்கத்தை நான் அப்போதுதான் விட்டேன்.

நான் குறிவைத்த அமைப்பு மின்நிலையப் பட்டியலும் வைத்திருந்தது, கொஞ்சம் வானிலைத் தரவும் கையாண்டது. பெயரைச் சொல்லப் போவதில்லை. அவர்கள் வெளியிட்டிருந்த பட்டியலை இறக்கி, மூன்று வார இறுதிகள் அதோடேயே கிடந்தேன். விண்ணப்பத்துக்கு நான் செய்ததிலேயே உருப்படியான காரியம் இதுதான் என்று நினைக்கிறேன். வரைபடமாகப் போட்டேன், கூட்டினேன், வேறு பட்டியல்களோடு ஒப்பிட்டேன். இரண்டாவது வாரம் ஒன்று கண்ணில் பட்டது. ஒரே நிலையம் இரண்டு வரிசைகளில் இருந்தது. நடுவில் உரிமையாளர் மாறி, நிலையத்தின் பெயரும் மாறியிருக்கிறது. பழைய பெயரில் ஒரு வரிசை, புதுப் பெயரில் ஒரு வரிசை. அட்சரேகை, தீர்க்கரேகை இடக்குறிப்பில் மூன்றாவது தசமத்தில் மட்டும் வித்தியாசம். மூன்றாவது தசமத்தில் ஒன்று கூடினால் ஏறக்குறைய நூறு மீட்டர்தான்.

புதிய கடிதத்தின் முதல் பத்தி இதைப் பற்றியது. எந்த இரண்டு வரிசைகள், ஏன் ஒன்றே என்று நினைக்கிறேன், எந்த ஆவணத்தைப் பார்த்தேன், எந்த இடத்தில் எனக்கு இன்னும் சந்தேகம். "உங்கள் தவறைக் கண்டுபிடித்துவிட்டேன்" என்ற தொனி வந்துவிடக் கூடாது என்று அந்தப் பத்தியை ஏழெட்டு முறை மாற்றினேன். இரண்டாம் பத்தியில் லாரிக் கணக்கு. மூன்றாம் பத்தியில் எனக்குத் தெரியாதவை: பெரிய காலநிலை மாதிரிகளை நான் ஓட்டியதில்லை, புள்ளியியல் பயிற்சி அடிப்படை அளவுதான். அவ்வளவுதான் கடிதம். இயற்கை மீதான காதல் எங்கேயும் வரவில்லை.

நிரல்களைப் போட்டு வைக்கிற கிட்ஹப் தளத்தில் அரைகுறையாகக் கிடந்த பன்னிரண்டு திட்டங்களில் பதினொன்றை மறைத்துவிட்டேன். மிச்சமிருந்த ஒன்றின் ரீட்மி கோப்பை, அதாவது விளக்கக் குறிப்பை, ஒழுங்காக எழுதினேன்: தரவு எங்கிருந்து, எந்தத் தேதியில் இறக்கியது, எதை நீக்கினேன், ஏன். இன்டர்வியூவில் அவர்கள் அந்த ரீட்மியைத்தான் திறந்து வைத்திருந்தார்கள். நிரலை யாரும் பார்த்ததாகத் தெரியவில்லை.

அந்த மூன்று வாரத்தில் அக்கா எனக்குச் சொல்லிக்கொடுத்தது பெரும்பாலும் அளவீட்டு அலகுகளைப் பற்றி. இந்தத் துறைக்கு வருகிறவர்கள் வழுக்கி விழுகிற இடம் அதுதான் என்பார். சில ஆய்வறிக்கைகள் உமிழ்வைக் கார்பன் எடையில் சொல்லும், சில கார்பன் டை ஆக்சைடு எடையில் சொல்லும். குளோபல் கார்பன் புராஜெக்டின் ஆண்டறிக்கை முதல் வகையை நிறைய பயன்படுத்துகிறது. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போக 3.664 ஆல் பெருக்க வேண்டும். 44ஐ 12ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட வருகிற எண். உலகம் முழுக்கப் புதைபடிவ எரிபொருளிலிருந்து வருடத்துக்கு ஏறக்குறைய 10 கிகா டன் (ஒரு கிகா டன் என்பது நூறு கோடி டன்) என்று ஒருவர் எழுதுவார், 37 என்று இன்னொருவர் எழுதுவார், இரண்டும் சரியாக இருக்கும்.

மீத்தேன் இன்னும் மோசம். ஒரு டன் மீத்தேன் நூறு வருடக் கணக்கில் எத்தனை டன் கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம் என்று கேட்டால், ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐபிசிசியின் நான்காம் அறிக்கைப்படி 25, ஐந்தாம் அறிக்கைப்படி 28. ஆறாம் அறிக்கைக்கு வந்தால் புதைபடிவ மூலத்திலிருந்து வந்த மீத்தேனுக்கு 29.8. பாரிஸ் உடன்படிக்கையின் கீழ் நாடுகள் அறிக்கை தரும்போது ஐந்தாம் அறிக்கையின் எண்ணைப் பயன்படுத்துகின்றன. ஆக, "சமான டன்" என்று ஓர் எண்ணைப் பார்த்தால் எந்த அறிக்கையின் கணக்கு என்று கேட்காமல் கூட்டவே கூடாது. வெப்பநிலை உயர்வு என்றாலும் இதே கதைதான், எந்தக் காலத்தோடு ஒப்பிட்டு என்று கேட்க வேண்டும். நாசாவின் தொகுப்பு 1951–1980 சராசரியோடு ஒப்பிடுகிறது, பிரிட்டனின் ஹேட்கிரட் 1961–1990 உடன். பாரிஸ் உடன்படிக்கையின் 1.5 டிகிரி வரம்பைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் 1850–1900க்குப் போய்விடுவார்கள். இரண்டு தொகுப்புகளை அப்படியே ஒரே வரைபடத்தில் போட்டால், இல்லாத வித்தியாசம் ஒன்று முளைக்கும்.

இதெல்லாம் அப்போது எனக்குப் பரீட்சைக்குப் படிப்பது மாதிரித்தான் இருந்தது.

இன்னொரு விஷயம். வீட்டிலிருந்தே வேலை என்று சொல்லி ஏமாற்றுகிறவர்களும் உண்டு, நல்ல எண்ணம் இருந்தும் ஆறு மாதத்தில் பணம் தீர்ந்துபோகிற அமைப்புகளும் உண்டு. அமெரிக்காவில் பதிவான 501(சி)(3) அமைப்பு, அதாவது வரிவிலக்குப் பெற்ற அறப்பணி அமைப்பு என்றால், அது வருடாவருடம் வரித்துறைக்குத் தரும் 990 படிவம் பொதுவில் கிடைக்கும். மொத்த வரவு எவ்வளவு, செலவு எவ்வளவு, உயர் பொறுப்பில் இருப்பவர்களுக்கு என்ன சம்பளம் என்று அதில் இருக்கும். இங்கிலாந்தின் அறக்கட்டளை என்றால் அறக்கட்டளை ஆணையப் பதிவேட்டில் ஆண்டுக் கணக்கைப் பார்க்கலாம். நான் மூன்று வருடப் படிவங்களைப் பார்த்தேன். இரண்டாம் வருடம் வரவு பாதியாகி, மூன்றாம் வருடம் ஏறியிருந்தது. பெரிய நன்கொடை ஒன்று முடிந்து இன்னொன்று வந்திருக்கிறது என்று புரிந்துகொண்டேன். சம்பளம் பேசும்போது கேட்க வேண்டிய கேள்வி எனக்கு அங்கேயே கிடைத்துவிட்டது.

கடிதம் அனுப்பி மூன்று வாரம் கழித்துச் செய்முறைத் தேர்வு வந்தது. நான்கு மணி நேரம், நேரத்தை நாமே பார்த்துக்கொள்ள வேண்டும், அதற்குச் சிறு ஊதியமும் உண்டு. விடைத்தாளில் பெயர் எழுதக் கூடாது, எண் மட்டும். இப்படி ஊதியம் தருவதும் பெயரை மறைத்துத் திருத்துவதும் நல்ல அடையாளங்கள். ஊதியமே இல்லாமல் மூன்று நாள் வேலை வாங்குகிற "தேர்வு" ஒன்றையும் வேறோர் இடத்தில் பார்த்திருக்கிறேன். அதற்கு முடியாது என்று எழுதிவிட்டேன்.

முதல் பகுதி, நாற்பது மின் அலகுகள் கொண்ட ஒரு ஷீட். "சரிபார்த்து, சந்தேகங்களைக் குறிப்பிடவும்." எனக்குப் பழக்கமான வேலை. ஒரு 600 மெகாவாட் அலகு வருடத்துக்கு 5,900 கிகாவாட் மணி உற்பத்தி செய்ததாக இருந்தது. வருடத்துக்கு 8,760 மணி நேரம்தான். ஒரு நொடிகூட நிற்காமல் முழுத் திறனில் ஓடினாலும் 5,256ஐத் தாண்ட முடியாது. வண்டி ஒரே நாளில் மூவாயிரம் கிலோமீட்டர் ஓடியதாகப் பதிவு வந்தால் எப்படிச் சிரிப்போமோ, அதே சிரிப்பு. இன்னொரு நிலையத்துக்கு ஓர் ஆவணம் 1,320 மெகாவாட் என்றது, மற்றொன்று 660 என்றது. இரண்டு 660 அலகுகள் கொண்ட நிலையம் அது. ஒருவர் நிலையத்தை எழுதியிருக்கிறார், ஒருவர் அலகை எழுதியிருக்கிறார். மூன்றாவது ஒன்று கடலுக்குள் நின்றது. அட்சரேகை 0, தீர்க்கரேகை 0. வரைபடத்தில் போட்டால் ஆப்பிரிக்காவுக்கு மேற்கே கினி வளைகுடாவில் விழுகிற இடம். நம்மைப் பரீட்சிக்க வைத்த பொறி, கொஞ்சம் சுலபமாக வைத்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு, சிவப்பில் குறித்துவிட்டு நகர்ந்தேன்.

அதில் உண்மையிலேயே யோசிக்க வைத்தது ஒரே ஒரு வரிசை. ஒரு நிலையத்தின் கட்டுமானம் தொடங்கிவிட்டதாகப் பழைய செய்தி ஒன்று இருந்தது. அதன் பிறகு நான்கு வருட நிறுவன அறிக்கைகளில் அதன் பெயரே இல்லை. ரத்து செய்தோம் என்று யாரும் சொல்லவும் இல்லை. நிலவரம் என்ற கட்டத்தில் என்ன எழுதுவது? இப்படி நின்றுபோன திட்டங்களுக்குக் குளோபல் எனர்ஜி மானிட்டரிடம் ஒரு வழக்கம் உண்டு. இரண்டு வருடம் அசைவே இல்லையென்றால் கிடப்பில் போடப்பட்டதாகவும், நான்கு வருடம் இல்லையென்றால் கைவிடப்பட்டதாகவும் கொள்வார்கள். தேர்வோடு தந்திருந்த விதிமுறையும் ஏறக்குறைய அதுதான். ஆனால் கட்டுமானமே தொடங்கிவிட்டதாகச் செய்தி இருக்கிறதே. சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்களைத் திறந்து பார்த்தேன். 10 மீட்டர் துல்லியத்தில் இலவசமாகக் கிடைப்பவை, 2015லிருந்து இருக்கின்றன. முதல் வருடப் படத்தில் செவ்வகமாக மண்ணைத் தோண்டியிருந்தது தெரிந்தது. அடுத்தடுத்த படங்களில் அந்தச் செவ்வகம் பச்சையாகிக்கொண்டே வந்தது. கடைசிப் படத்தில் பக்கத்து நிலத்தோடு கலந்துவிட்டது. "கைவிடப்பட்டது, அனுமானம்" என்று எழுதி, பார்த்த படங்களின் தேதிகளையும் போட்டேன். அந்த "அனுமானம்" என்ற சொல் முக்கியம். அது இல்லாமல் எழுதியிருந்தால், யாரோ அறிவித்ததை நான் படித்ததாக அர்த்தமாகிவிடும்.

இதிலேயே இரண்டரை மணி நேரம் போய்விட்டது.

இரண்டாம் பகுதி எரா5 தரவு. ஐரோப்பிய வானிலை மையம் தயாரிக்கிற மறுபகுப்பாய்வுத் தொகுப்பு, அதாவது பழைய அளவீடுகளைக் கணினி வானிலை மாதிரியோடு சேர்த்து இடைவெளி நிரப்பிய பதிவு. 1940லிருந்து மணிக்கு மணி, பூமி முழுக்கக் கால் டிகிரிக் கட்டங்களாக இருக்கும். எங்களுக்கு மாதச் சராசரிகளைத் தந்திருந்தார்கள். இரண்டு முப்பது வருடக் காலங்களுக்கு இடையே உலக சராசரி வெப்பநிலை எவ்வளவு மாறியிருக்கிறது என்று சொல்ல வேண்டும், ஒரு வட்டாரத்துக்கும் தனியாகச் சொல்ல வேண்டும். இந்தத் தொகுப்பின் குறும்புகள் அக்கா புண்ணியத்தில் எனக்குத் தெரியும். வெப்பநிலை கெல்வினில் இருக்கும், 273.15 கழிக்க வேண்டும். தீர்க்கரேகை பெரும்பாலும் 0 முதல் 360 வரை போகும், மேற்கு என்றால் கழித்தல் குறி வராது. அட்சரேகை வடக்கிலிருந்து தெற்காக இறங்கும். அதனால் எக்ஸ்அரே என்ற பைதான் கருவியில் 10 முதல் 20 வரை என்று கேட்டால் காலியாகத் திரும்பி வரும், 20 முதல் 10 வரை என்று கேட்க வேண்டும். எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்துச் செய்தேன். கடைசியில் எல்லாக் கட்டங்களுக்கும் சராசரி எடுத்து எண்ணை எழுதினேன். மூன்றாம் பகுதியாக அதைப் பத்திரிகையாளர் ஒருவருக்குப் புரிகிற மாதிரி விளக்கி, ஒரு வரைபடத்தையும் ஒட்டி அனுப்பிவிட்டேன். கெடுவுக்கு இருபது நிமிடம் மிச்சம்.

ராத்திரி படுத்த பிறகும் அந்த வரைபடம் கண்ணுக்குள் நின்றது. அழகாகத்தான் வந்திருந்தது. கீழே அண்டார்க்டிகா, வெள்ளைப் பட்டையாக, படத்தின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை. இவ்வளவு பெரிய கண்டமா அது?

எழுந்து உட்கார்ந்தேன்.

எரா5 அட்டவணையில் 721 வரிசைகள், ஒவ்வொரு வரிசையிலும் 1,440 புள்ளிகள். நிலநடுக்கோட்டு வரிசையின் 1,440 புள்ளிகள் நாற்பதாயிரம் கிலோமீட்டரைச் சுற்றி வருகின்றன. வட துருவ வரிசையிலும் 1,440 புள்ளிகள்தான், ஆனால் துருவம் என்பது ஒரே ஓர் இடம். ஒரே இடத்தை 1,440 முறை எண்ணியிருக்கிறேன். 60 டிகிரி அட்சரேகையில் ஒரு கட்டத்தின் பரப்பு நிலநடுக்கோட்டுக் கட்டத்தில் பாதிதான். சராசரி எடுக்கும்போது அட்சரேகையின் கொசைனால் எடை கொடுத்திருக்க வேண்டும். நான் கொடுக்கவில்லை. ஆர்க்டிக் பகுதி 1979லிருந்து உலக சராசரியைப் போல ஏறக்குறைய நான்கு மடங்கு வேகத்தில் சூடாகி வருகிறது. அந்தப் பகுதிக்கு அளவுக்கு மீறி இடம் கொடுத்ததில், என் எண் உண்மையைவிட அதிகமாக வந்திருக்கிறது. சோதித்துப் பார்க்க, எடை இல்லாமல் பூமியின் நேரடிச் சராசரி வெப்பநிலையைக் கணக்கிட்டேன். 14 டிகிரியை ஒட்டி வர வேண்டியது, பல டிகிரி குறைவாக வந்தது. சந்தேகத்துக்கே இடமில்லை. மாற்றத்தை மட்டும் கேட்டிருந்ததால், நேரடிச் சராசரியைப் பார்க்கத் தோன்றவே இல்லை. பார்த்திருந்தால் ஒரே நிமிடத்தில் பிடித்திருப்பேன்.

திருத்தம் ஒரே வரிதான். அனுப்புவதா வேண்டாமா என்பதுதான் பெரிய கேள்வி. நான்கு மணி நேரம் முடிந்துவிட்டது. சொன்னால் நானே என்னைக் காட்டிக்கொடுத்தது ஆகும். திருத்துகிறவர் கவனிக்காமலும் போகலாம். நேரம் கடந்து வேலை செய்தவள் என்ற பெயர் வேறு வரும். அக்காவுக்கு மெசேஜ் போடலாமா என்று நினைத்தேன், தேர்வு விஷயத்தில் வெளியே கேட்பது சரியாகப் படவில்லை. விடிகாலையில் ஐந்து வரி எழுதினேன்:

"என் விடையின் இரண்டாம் பகுதியில் தவறு இருக்கிறது. கட்டங்களின் பரப்புக்கு ஏற்ப எடை கொடுக்காமல் சராசரி எடுத்துவிட்டேன். இதனால் உலக சராசரி மாற்றம் அதிகமாக வந்துள்ளது. வட்டாரத்துக்கான எண்ணில் பாதிப்பு சிறிது, ஆனால் உண்டு. திருத்திய எண்களும் மாற்றிய வரியும் கீழே. இது தேர்வு நேரத்துக்குப் பிறகு செய்தது, மதிப்பிடும்போது அப்படியே கணக்கில் கொள்ளவும்."

மன்னிப்பு, வருத்தம், உடம்பு சரியில்லை, எதுவும் சேர்க்கவில்லை. முதல் வரைவில் எல்லாம் இருந்தது. எடுத்துவிட்டேன். இரண்டு வாரம் பதிலே இல்லை. போச்சு என்று விட்டுவிட்டேன், உண்மையாகவே.

அப்புறம் இன்டர்வியூவுக்கு அழைப்பு வந்தது. மூன்று பேர், நாற்பத்தைந்து நிமிடம், எல்லோரிடமும் ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறோம் என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள். ஆனால் முதல் கேள்வி எனக்கானது. "அந்தத் தவறை எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?" அண்டார்க்டிகாவின் அகலத்தைச் சொன்னேன். மூவரில் ஒருவர் சிரித்தார். எடை கொடுக்காமல் எண்ணை எழுதியவர்கள் நிறையப் பேர் என்றும், பிறகு எழுதித் தெரிவித்தது ஒருவர்தான் என்றும் சொன்னார். கொடுக்க மறந்தது மதிப்பெண்ணைக் குறைத்ததாகவும் சொன்னார். குறைத்ததைச் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது.

மற்ற கேள்விகளில் இரண்டு நினைவிருக்கிறது. "பத்திரிகையாளர் ஒருவர் ஒரு மணி நேரத்தில் எண் கேட்கிறார், உங்களிடம் இருப்பது பாதி சரிபார்த்த எண். என்ன செய்வீர்கள்?" இதற்குத் தயாராக இருந்தேன். சரிபார்த்த பாதியை மட்டும், எது வரை என்று சொல்லிக் கொடுப்பேன் என்றேன். அடுத்ததில்தான் சறுக்கினேன். "தொலைவிலிருந்து வேலை செய்யும்போது எங்காவது சிக்கிக்கொண்டால்?" நானே போராடித் தீர்த்துவிடுவேன் என்று பெருமையாகச் சொன்னேன். எவ்வளவு நேரம் போராடுவீர்கள் என்று கேட்டார் ஒருவர். இரண்டு நாள்கூட ஆகும் என்றேன். முகங்கள் கொஞ்சம் மாறின. அலுவலகத்தில் என்றால் பக்கத்து நாற்காலிக்காரர் நம் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார். இங்கே நாம் சொன்னால்தான் உண்டு. அரை நாள் முட்டிப் பார்த்துவிட்டு, எதை முயன்றேன், எங்கே நிற்கிறது என்று எழுதிப் போட வேண்டும். இப்போது தெரிகிறது. அன்றைக்கு அசடு வழிந்தேன்.

முதல் சுற்றில் வேறொருவரைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். அவர் கடைசியில் வரவில்லை, ஒரு மாதம் கழித்து என்னைக் கூப்பிட்டார்கள். இரண்டாவது ஆளாக வருவதில் எனக்கு ஒன்றும் குறைச்சல் தெரியவில்லை. நிராகரிப்புக் கடிதத்துக்கு மரியாதையாக இரண்டு வரி பதில் போட்டு வைத்திருந்தது நல்லதாகப் போயிற்று.

நிபந்தனைகள் பேசும்போது மூன்று விஷயங்களைக் கறாராகக் கேட்டேன். முதலாவது, ஊழியரா ஒப்பந்ததாரரா? வேறு நாட்டு அமைப்பு நம்மை வேலைக்கு எடுக்கும்போது, ஒன்று நம் நாட்டில் இருக்கிற இடைநிலை நிறுவனம் வழியாக ஊழியராக எடுப்பார்கள், அல்லது ஒப்பந்ததாரராக நேரே பணம் அனுப்புவார்கள். இரண்டாவது வகையில் வரி, காப்பீடு, விடுப்பு எல்லாம் நம் பொறுப்பு. கேட்பதற்குச் சம்பளம் ஒன்றாக இருந்தாலும் கைக்கு வருவது ஒன்றல்ல. எனக்குக் கிடைத்தது ஒப்பந்தம். அமெரிக்க அமைப்பு என்பதால் டபிள்யூ-8பென் படிவம் கேட்டார்கள். நான் அமெரிக்க வரிக் குடியாளர் இல்லை என்று அறிவிக்கிற படிவம் அது. காப்பீட்டையும் விடுப்பையும் கணக்குப் போட்டு, அந்த அளவு கூடுதலாகக் கேட்டேன். முழுதாகக் கிடைக்கவில்லை, பாதி கிடைத்தது.

இரண்டாவது, "இந்தப் பதவிக்கான நிதி எந்த மாதம் வரை?" இந்தக் கேள்வியைக் கேட்கத் தயங்குகிறார்கள். தயங்க வேண்டாம். இப்படிப்பட்ட அமைப்புகளில் பெரும்பாலான பதவிகள் ஏதாவது ஒரு நன்கொடையோடு கட்டப்பட்டவை, அவர்களும் ஒளிக்க நினைப்பதில்லை. பதினான்கு மாதம் என்றார்கள். அதன்படிதான் பழைய வேலையை விடும் தேதியையும் சேமிப்பையும் திட்டமிட்டேன்.

மூன்றாவது நேரம். தினமும் மூன்று மணி நேரம் அவர்களோடு பொதுவாக இருக்க வேண்டும் என்று பேசிக்கொண்டோம். அங்கே வருடத்துக்கு இரண்டு முறை கடிகாரத்தை மாற்றுவார்கள், இங்கே மாற்றுவதில்லை. அதனால் என் கடைசி மீட்டிங் பாதி வருடம் ஒரு மணி நேரம் தள்ளிப்போகிறது. ஒப்பந்தத்தில் நேரத்தை யுடிசியில், அதாவது எந்த நாட்டுக் கடிகார மாற்றத்துக்கும் ஆளாகாத உலகப் பொது நேரத்தில், எழுதச் சொல்லியிருந்தால் இந்தத் தொல்லை இருந்திருக்காது. தோன்றவில்லை.

சேர்ந்த முதல் வாரம், இன்னும் வெளியிடாத வரைவுப் பட்டியல் ஒன்றைத் தந்தார்கள். மூவாயிரத்துச் சொச்சம் வரிசைகள். பழக்கதோஷத்தில் முதலில் வரைபடமாகப் போட்டேன். கினி வளைகுடாவுக்கு நடுவே ஒரு புள்ளி. அதே நிலையம், அதே பெயர்.

மேலாளருக்கு எழுதினேன்: "தேர்வுக்காக வைத்த தவறு வரைவுப் பட்டியலிலும் தங்கிவிட்டது போலிருக்கிறது, நீக்கிவிடட்டுமா?"

பதில் வந்தது: "தேர்வுக்காக நாங்கள் எந்தத் தவறையும் வைக்கவில்லை. வரைவிலிருந்து நாற்பது வரிசைகளை அப்படியே வெட்டிக் கொடுத்தோம்."

இடக்குறிப்பு தெரியாமல் காலியாக விட்ட கட்டத்தைப் பழைய நிரல் ஒன்று பூஜ்யமாக மாற்றியிருக்கிறது. நிலையம் நிஜமானது, ஓடிக்கொண்டிருந்தது. அனுமதிக் கடிதத்திலிருந்த ஆற்றின் பெயரைப் பிடித்துக்கொண்டு, அதன் கரையோரமாகவே செயற்கைக்கோள் படங்களில் போய், குளிர்விப்புக் கோபுரங்களின் நிழலைக் கண்டுபிடித்து அதைக் கரையேற்ற எனக்கு இரண்டு நாள் ஆனது. முதல் நாள் மதியமே, எங்கே சிக்கியிருக்கிறேன் என்று எழுதிப் போட்டுவிட்டேன்.